ரூட்டின் கையில் எத்தனை சாவிகள்?

வாசகர் கேள்வி – பதில்

தரவுத்தள கிளஸ்டர்களில் (பல சர்வர்கள் சேர்ந்து ஒரே தரவுத்தளத்தை நடத்தும் அமைப்புகளில்) இயங்குதள நிர்வாகிகளுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்பது பற்றியே இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேசுகின்றன. ஆகவே இந்தப் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஒரு நிதி நிறுவனத்தில் தரவுத்தள நிர்வாகியாக இருக்கிறேன். லினக்ஸில் இயங்கும் இரண்டு நோடுகளில், அதாவது இரண்டு சர்வர்களில், ஆரக்கிளின் ஆர்ஏசி என்ற தரவுத்தள கிளஸ்டர் வைத்திருக்கிறோம். இயங்குதளப் பராமரிப்பு சென்ற ஆண்டு வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களில் ஆறு பேரிடம் ரூட் அதிகாரம், அதாவது இயங்குதளத்தில் எதையும் செய்யும் உச்ச அதிகாரம், உள்ளது. அந்த ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் ஆரக்கிள் பயனராக (ஆரக்கிள் மென்பொருளுக்கு உரிய இயங்குதளக் கணக்காக) மாறி, கடவுச்சொல்லே இல்லாமல் சிஸ்டிபிஏவாக (தரவுத்தளத்தின் உச்ச நிர்வாகியாக) உள்ளே நுழைய முடிகிறது. தணிக்கையாளர் இதைக் குறையாக எழுதிவிட்டார். முற்றாகத் தடுக்க வழி உண்டா?

பதில்: அந்த நோடுகளுக்குள்ளேயே செய்யும் எந்த ஏற்பாட்டினாலும் முற்றாகத் தடுக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தணிக்கையாளருக்குக் காட்டுவதற்கென்றே சில அமைப்பு மாற்றங்கள் நம் தொழிலில் உலவுகின்றன. அவை கதவைப் பூட்டுவதில்லை. கதவுக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிடுகின்றன, அவ்வளவுதான்.

கடவுச்சொல் கேட்கப்படாதது பிழையன்று, வடிவமைப்பு. தரவுத்தளம் இன்னும் எழும்பாத நேரத்தில் அதை எழுப்ப வருபவர் யார் என்று பார்க்க, அதற்குள் இருக்கும் பயனர் அட்டவணையைத் திறந்து படிக்க இயலாது. எனவே அந்தப் பொறுப்பை ஆரக்கிள் இயங்குதளத்திடம் விட்டுவிட்டு, வருபவர் டிபிஏ என்ற இயங்குதளக் குழுவில் உறுப்பினரா என்பதை மட்டும் பார்த்து உள்ளே விடுகிறது. அந்தக் குழுவில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் ரூட். சேராமலேயே ஆரக்கிள் பயனராக உருமாறக்கூடியவரும் ரூட்.

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, ஆரக்கிளின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் இயங்குதளச் சரிபார்ப்பை அணைத்துவிடுவது. அந்தக் கோப்பைத் திருத்த ரூட்டுக்கு அரை நிமிடம் போதும். திருத்தவும் வேண்டாம், சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) ஒன்றை வேறொரு கோப்பகத்துக்குத் திருப்பினால் அங்கே இருக்கும் இன்னொரு கோப்புதான் படிக்கப்படும். கிளஸ்டரில் இந்த மருந்து நோயைவிடக் கொடியது. ஆர்ஏசியில் தரவுத்தளத்தையும் ஏஎஸ்எம் என்ற வட்டு மேலாண்மை அடுக்கையும் எழுப்பி, கண்காணித்து, விழுந்தால் மீண்டும் தூக்கிவிடும் கிளஸ்டர்வேர் (கிளஸ்டரை நடத்தும் மென்பொருள்) ஏஜென்டுகள் அந்த இயங்குதளச் சரிபார்ப்பை நம்பியே உள்ளே போகின்றன. அதை அணைத்தால் நிர்வாகி நிற்கமாட்டார், கிளஸ்டர்தான் நிற்கும்.

உங்கள் கடிதத்தில் சொல்லாத சிலவற்றையும் தணிக்கையாளர் அடுத்த முறை கேட்கக்கூடும். ஆர்ஏசியில் வட்டுகள் எல்லா நோடுகளுக்கும் பொது. ஆகவே ஒரு நோடில் ரூட்டாக இருப்பவருக்கு முழுத் தரவுத்தளமும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. நிறுவும்போது ஆரக்கிள் பயனருக்கும் கிளஸ்டர்வேரின் கிரிட் பயனருக்கும் நோடுகளுக்கிடையே கடவுச்சொல் இல்லாத எஸ்எஸ்எச் (தொலைநுழைவு) வழி அமைக்கப்படுகிறது. நிறுவிய பிறகு அதை மூடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனவே முதல் நோடில் ஆரக்கிள் பயனராக மாறியவர் இரண்டாம் நோடுக்கும் அப்படியே நடந்து போகலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. தனி சர்வரை யாராவது மறுதொடக்கம் செய்தால் ஐந்து நிமிடத்தில் தொலைபேசிகள் அலறும். கிளஸ்டரில் ஒரு நோடை நிறுத்தி, ஒற்றைப் பயனர் நிலையில் எழுப்பி, அரை மணி நேரம் அதில் வேலை செய்தாலும், மற்ற நோடு சுமையை ஏற்றுக்கொள்வதால் வாடிக்கையாளர் யாருக்கும் எதுவும் தெரியாது. சேவை தடைபடக்கூடாது என்று வாங்கிய வசதியே அத்துமீறலுக்குத் திரையாகிறது. ஒவ்வொரு நோடு விலகலுக்கும், நள்ளிரவாக இருந்தாலும், பாதுகாப்புப் பிரிவுக்குத் தனி எச்சரிக்கை போகும்படி இன்றே செய்துவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

ஆகவே ரூட்டை வெளியே நிறுத்துவது எப்படி என்று கேட்காமல், நிலையான ரூட் அதிகாரம் எத்தனை பேருக்கு உண்மையில் தேவை என்று கேளுங்கள். என் கணக்கில் விடை சுழியம். ஆறு பேரும் தத்தம் பெயரில் மட்டுமே, செய்வது பதிவாகும் ஓர் இடைநிலை சர்வர் வழியாக மட்டுமே நுழையட்டும். அன்றாட வேலைகளுக்கு, குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட்டாக ஓட்ட அனுமதிக்கும் சுடோ வழியாக, வரையறுத்த கட்டளைகள் இருக்கட்டும். முழு ரூட் தேவைப்படும் வேலைக்கு அனுமதிச் சீட்டும் நேர வரம்பும் வேண்டும், பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். நீங்கள் ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப வெளிப்பணி வழிகாட்டுதலுக்கு உட்பட்ட நிறுவனம் எனில், வேலையை வெளியே கொடுத்ததால் பொறுப்பும் வெளியே போய்விடாது என்பதே அதன் அடிப்படை. ஒப்பந்தத்தில் இந்த ஏற்பாடுகளை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நான் யூனிக்ஸ், லினக்ஸ் நிர்வாகியாக இருபது ஆண்டுகள் பணியாற்றியவன். திடீரென எங்கள் தரவுத்தளப் பிரிவு எங்களைத் திருடர்களைப் போல நடத்துகிறது. ஆனால் பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடும் நாளில் ரூட் வேண்டும் என்று அவர்களே எங்கள் மேசைக்கு வருகிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. கிளஸ்டர்வேரின் கீழ் அடுக்கு முழுவதும் ரூட்டின் பெயரில்தான் ஓடுகிறது. நோடுகளின் மெய்நிகர் முகவரிகளை நகர்த்துவது, பதிலளிக்காத நோடை மறுதொடக்கம் செய்வது, கிளஸ்டர் அடுக்கையே நிறுத்துவது, எழுப்புவது எல்லாவற்றுக்கும் ரூட் வேண்டும். பேட்ச் போடும் கருவியையும் ரூட்டாகத்தான் ஓட்ட வேண்டும். எனவே தரவுத்தள நிர்வாகிகளும் ரூட் கேட்டு வருவார்கள். அவர்களுக்கு முழு ரூட் கொடுத்துவிட்டால், தங்களைத் தணிக்கை செய்யும் பதிவுகளைத் தாங்களே அழிக்கும் வசதியும் சேர்ந்து போய்விடும். வரம்பு இரு பக்கமும் இருக்க வேண்டும். உங்களை மட்டும் கட்டிப்போட்டு அவர்களை அவிழ்த்துவிடும் திட்டம் எதுவும் எனக்கு உடன்பாடில்லை.

மற்றப் பாதிக்கு வருவோம். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்று நம் ஊரில் கேட்பார்கள். தேனெடுப்பவரின் குணத்தைவிட, கையில் தேன் ஒட்டும்படி வேலை அமைந்திருப்பதைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது என்று நான் படிக்கிறேன். 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆவணங்களை வெளிக்கொண்டுவந்தபோது, அவர் அங்கே ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக அமைப்பு நிர்வாகியாக வேலை பார்த்தவர் என்பதே முகமையை உலுக்கியது. அவர் செய்தது சரியா தவறா என்ற விவாதம் இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு அந்த முகமை, நிர்வாகிகள் முக்கியமான வேலைகளைத் தனியாகச் செய்யக்கூடாது, இருவர் சேர்ந்தே செய்ய வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அந்த விதி நிர்வாகிக்கும் காப்பு. ஒருநாள் தரவு வெளியே கசிந்தால், முதலில் விசாரிக்கப்படுபவர் ரூட் வைத்திருப்பவர்தான். நான் அன்று உள்ளே போகவில்லை என்று வாயால் சொல்வதும், பதிவைக் காட்டிச் சொல்வதும் ஒன்றல்ல.

கேள்வி: எங்கள் சுடோ அமைப்பில் எல்லாக் கட்டளைகளுக்கும் அனுமதி தந்து, பயனரை மாற்றும் எஸ்யூ கட்டளையை மட்டும் விலக்கியிருக்கிறோம். இது போதுமா?

பதில்: போதாது. எஸ்யூ கட்டளையின் கோப்பை வேறு பெயரில் படியெடுத்து ஓட்டினால் உங்கள் விலக்கு செல்லாது. எல்லாவற்றையும் கொடுத்துச் சிலவற்றைக் கழிக்கும் முறை வேலை செய்யாது என்று சுடோவின் கையேடே எச்சரிக்கிறது. ஒன்றும் கொடுக்காமல் தொடங்கித் தேவையானதை மட்டும் கூட்டுங்கள். கூட்டும்போதும் கவனம் வேண்டும். விஐ எடிட்டரை ரூட்டாகத் திறக்க அனுமதித்தால், அதற்குள்ளிருந்தே எந்தக் கட்டளையையும் ரூட்டாக ஓட்டும் ஒரு ஷெல்லைத் திறந்துகொள்ளலாம். கோப்புத் திருத்தத்துக்கு சுடோஎடிட் என்ற தனி வழி இருக்கிறது. கட்டளைகளின் முழுப் பாதையையும் எழுதுங்கள், எதற்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியைத் தவிருங்கள். அனுமதித்த ஸ்கிரிப்டுகளை அந்தப் பயனரே திருத்தக்கூடிய கோப்பகத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். இதை நான் பார்த்த இடங்கள் கொஞ்சமல்ல.

கேள்வி: ஆரக்கிளின் டிடிஇ குறியாக்கம் (வட்டில் எழுதும் தரவைக் குறியாக்கும் வசதி) போட்டுவிட்டோம், உயர் பயனர்களைத் தரவிலிருந்து தடுக்கும் டேட்டாபேஸ் வால்ட்டும் வாங்கிவிட்டோம். இனி ரூட் வைத்திருப்பவர் எதைப் படித்துவிட முடியும்?

பதில்: இவை இரண்டும் பயனுள்ளவை. ஆனால் எது எந்தக் கதவுக்கு உரிய பூட்டு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் குறியாக்கம் இல்லாத நிலையைப் பாருங்கள். ஏஎஸ்எம் வட்டுகள் இயங்குதளத்தின் கண்ணுக்கு வெறும் பிளாக் சாதனங்கள்தாம். தரவுத்தளத்துக்குள் நுழையாமலேயே அவற்றைப் படியெடுக்க ரூட்டுக்கு ஒரே கட்டளை போதும். ஏஎஸ்எம் இயங்காத நிலையிலும் வட்டுகளிலிருந்து தரவுக் கோப்புகளைப் பிரித்தெடுக்கும் ஏஎம்டியூ என்ற கருவியை ஆரக்கிளே தருகிறது. மீட்புக்காகத் தந்த கருவி அது. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பயன் மாறும். இப்படிப் படிக்கும்போது தரவுத்தளத்தின் தணிக்கைப் பதிவில் ஒரு வரிகூட விழாது.

இந்தக் கதவை டிடிஇ மூடுகிறது. வட்டிலும் ஆர்மேன் கருவி எடுக்கும் காப்புப் பிரதிகளிலும் தரவு குறியாக்கமாகவே இருக்கும். ஆனால் டேட்டா பம்ப் கொண்டு எடுக்கும் ஏற்றுமதிக் கோப்பில், குறியாக்கம் வேண்டும் என்று தனியாகச் சொல்லாவிட்டால், தரவு திறந்த எழுத்தாகவே போய் விழும். நான் பார்த்தவரை, வட்டைப் பூட்டிய பலர் இந்த ஏற்றுமதிக் கோப்புகளைப் பொதுக் கோப்பகத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது சாவி. டிடிஇயின் தலைமைச் சாவி ஒரு வாலட்டில் (சாவிக் கோப்பில்) இருக்கிறது. கடவுச்சொல் கொண்டு திறக்கும் வாலட் என்றால், கிளஸ்டர் முழுவதும் நின்று எழும் ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து கடவுச்சொல் இட வேண்டும். இதற்குச் சோம்பியே பெரும்பாலோர் தானே திறந்துகொள்ளும் வாலட்டை வைக்கிறார்கள். அப்போது பெட்டியும் சாவியும் ஒரே அறையில் இருப்பதாகிவிடும். ரூட் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகலாம். எந்த நோடில் உருவானதோ அங்கே மட்டும் திறக்கும் உள்ளூர் வாலட் என்று ஒரு வகை உண்டு. ஆனால் கிளஸ்டரில் எல்லா நோடுகளும் ஒரே வாலட்டைப் பகிர வேண்டியிருப்பதால் அது பொருந்துவதில்லை. சாவியை நோடுகளுக்கு வெளியே, வேறு நிர்வாகிகளின் பொறுப்பில் உள்ள கீ வால்ட்டிலோ (சாவிகளைக் காக்கும் தனி சர்வரிலோ) வன்பொருள் பாதுகாப்புப் பெட்டியிலோ வைப்பதே முறை. சந்தேகம் வந்த கணத்தில் ஒரு நோடுக்குச் சாவி கொடுப்பதை வெளியிலிருந்தே நிறுத்த முடிகிறது, யார் எப்போது சாவி வாங்கினார்கள் என்ற பதிவும் ரூட்டின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. வங்கி லாக்கரில் வாடிக்கையாளர் சாவியும் வங்கியின் சாவியும் வெவ்வேறு கைகளில் இருப்பது போன்ற ஏற்பாடு இது.

இதற்குப் பிறகும் மூடாத ஒரு கதவு இருக்கிறது: நினைவகம். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது, குறியாக்கிய டேபிள்ஸ்பேஸின் (அட்டவணைகளின் சேமிப்புப் பகுதியின்) பிளாக்குகள் எஸ்ஜிஏ என்ற பொது நினைவகத்துக்குள் திறந்த எழுத்தாகத்தான் இருக்கின்றன. இல்லாவிட்டால் வினவலுக்கு விடை தர இயலாது. ஓடும் செயல்முறையின் நினைவகத்தை ரூட் படிக்க முடியும். நினைவகத்தில் இருப்பது வட்டில் வந்து விழும் கோர் டம்ப் கோப்புகளையும் ஸ்வாப் பகுதியையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதவையும் மூட வேண்டிய அளவுக்கு உயிர்நிலையான சில நெடுவரிசைகள் இருந்தால், அவற்றைச் செயலி (அப்ளிகேஷன்) அடுக்கிலேயே குறியாக்கி, சாவி தரவுத்தள நோடுக்கே வராதபடி செய்யுங்கள். அந்த நெடுவரிசைகளில் பகுதித் தேடலும் வரம்புத் தேடலும் கிட்டத்தட்டக் கைவிட்டுப் போகும் என்பது அதற்கான விலை. ஆகவே எல்லாவற்றுக்கும் இதைச் செய்யப் புறப்பட்டுவிடாதீர்கள்.

டேட்டாபேஸ் வால்ட் காப்பது தரவுத்தளத்துக்குள்ளே இருக்கும் எஸ்ஒய்எஸ் போன்ற உயர் பயனர்களிடமிருந்து. ஆரக்கிள் பயனராக மாறி, சிஸ்டிபிஏவாக நுழைந்து, சம்பள அட்டவணையை வினவுபவரை அது நிறுத்தும். வட்டைப் படிப்பவரையோ நினைவகத்தைப் படிப்பவரையோ அது பார்ப்பதே இல்லை. இன்னும் ஆரக்கிளின் பழைய 11ஜி பதிப்பில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் ஆரக்கிள் மென்பொருளின் உரிமைப் பயனராக மாறக்கூடியவர் அதன் நிரல் கோப்பை (பைனரியை) மறு இணைப்புச் செய்து வால்ட்டையே அணைத்துவிட முடியும். 12சி முதல் அந்த வழி அடைபட்டு, வால்ட்டின் உரிமையாளர் தரவுத்தளத்துக்குள் வந்து அணைத்தால்தான் அணையும்.

கேள்வி: பதிவுகள் எல்லாம் தரவுத்தளம் ஓடும் சர்வரிலேயே இருக்கின்றன. அவற்றை நம்பலாமா?

பதில்: ரூட் அழிக்கக்கூடிய பதிவை ரூட்டுக்கு எதிரான சான்றாக வைத்துக்கொள்ள முடியாது. சிஸ்டிபிஏ செய்யும் செயல்களின் தணிக்கையை ஆரக்கிள் சிஸ்லாக்குக்கு (இயங்குதளத்தின் பதிவுச் சேவைக்கு) அனுப்பும்படி அமைக்கலாம்; சிஸ்லாக் அதை அந்தக் கணமே வேறொரு சர்வருக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சர்வரில், முதல் கடிதத்தின் ஆறு பேரைப் போல ரூட் வைத்திருப்பவர்களுக்கும் தரவுத்தளப் பிரிவுக்கும் கணக்கே இருக்கக்கூடாது. லினக்ஸின் ஆடிட் சேவையையும் இயக்குங்கள். ஒருவர் தன் பெயரில் நுழைந்து எத்தனை முறை வேறு பயனராக மாறினாலும், முதலில் நுழைந்தவரின் அடையாள எண்ணை அது கடைசிவரை ஏந்திச் செல்லும். எனவே ஆரக்கிள் பயனர் செய்தார் என்ற வரிக்குப் பின்னால் எந்த மனிதர் என்பது தெரியும். ஆனால் எல்லோரும் நேரடியாக ரூட் என்றே நுழைந்தால் இந்த வசதி பாழ். தணிக்கை விதிகளை அடுத்த மறுதொடக்கம் வரை மாற்ற முடியாதபடி பூட்டவும் வழி உண்டு. மறுதொடக்கத்தில் அந்தப் பூட்டு விலகும் என்பதால், முதல் பதிலில் நோடு விலகலைக் கண்காணிக்கச் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இந்தியாவின் இணையப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, பதிவுகளை 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். வைப்பதோடு யாராவது அவற்றைப் படிக்கவும் வேண்டும். அது உத்தரவில் இல்லாவிட்டாலும் என் வேண்டுகோள்.

கேள்வி: நள்ளிரவு இரண்டு மணிக்கு கிளஸ்டர் விழுந்தால், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டிருக்க முடியுமா? இந்தக் கட்டுப்பாடுகள் சேவையையே கொன்றுவிடாதா?

பதில்: நியாயமான அச்சம். லினக்ஸில் இயல்பு அமைப்பின்படி, நோடுகளுக்கிடையேயான தனி நெட்வொர்க்கில் 30 விநாடிகள் துடிப்பு (உயிரோடிருப்பதைச் சொல்லும் செய்தி) கேட்காவிட்டால் ஒரு நோடு வெளியேற்றப்படுகிறது. பிரச்சினை அந்த வேகத்தில் வளரும்போது கையெழுத்துக்காகக் காத்திருப்பது நடவாத காரியம். எனவே அவசரக் கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். நீளமான, ஊகிக்க முடியாதபடி சீரற்ற எழுத்துகளால் உருவாக்கிய ரூட் கடவுச்சொல்லை இரண்டு பாதிகளாக்கி, இரண்டு முத்திரையிட்ட உறைகளில், இரண்டு வேறு பிரிவுகளிடம் வையுங்கள். கடவுச்சொல் பெட்டக மென்பொருள் இருந்தால் அதிலும் இருவர் ஒப்புதலை வைக்கலாம். திறந்த உடனே எல்லோருக்கும் தகவல் போக வேண்டும், வேலை முடிந்ததும் கடவுச்சொல் மாற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். உறையைத் திறந்தபோது உள்ளே பழைய கடவுச்சொல் இருந்த கதையை நான் நேரில் கண்டிருக்கிறேன். சர்வரின் தொலைக்கட்டுப்பாட்டு கார்டுக்கும் துவக்க மெனுவுக்கும் தனிக் கடவுச்சொல் வைக்க மறந்தால், உறையைத் தேட வேண்டிய தேவையே வராது, அந்த வழியாகவே நுழைந்துவிடலாம்.

கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் மறக்கும் எதிர்ப்பக்கமும் உண்டு. 2008-இல் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியின் நெட்வொர்க் நிர்வாகி டெர்ரி சைல்ட்ஸ், நகரின் மைய நெட்வொர்க்குக்கான கடவுச்சொற்களை மேலதிகாரிகளிடம் தர மறுத்தார். கைதான பிறகு, சிறைக்கு வந்து சந்தித்த மேயர் கேவின் நியூசமிடம் மட்டுமே அவற்றைக் கொடுத்தார். 2010-இல் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சாவி ஆறு பேரிடம் சிதறியிருப்பதும் ஆபத்து, ஒரே ஒருவரிடம் குவிந்திருப்பதும் ஆபத்து. உங்கள் உறைகள் இரண்டாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: நாங்கள் விண்டோஸில் எஸ்கியூஎல் சர்வர் கிளஸ்டர் வைத்திருக்கிறோம். இந்தத் தொல்லை எங்களுக்கு இல்லையல்லவா?

பதில்: குறைவு, இல்லாமல் இல்லை. 2005 பதிப்பு வரை, விண்டோஸ் உள்ளூர் நிர்வாகிகள் குழு இயல்பாகவே தரவுத்தளத்தின் சிஸ்அட்மினாக (உச்ச நிர்வாகியாக) இருந்தது. 2008 பதிப்பு முதல் அந்தத் தானியங்கி உரிமை நீக்கப்பட்டது. ஆயினும் உள்ளூர் நிர்வாகி ஒருவர் கிளஸ்டர் ரிசோர்ஸை (கிளஸ்டர் கண்காணிக்கும் தரவுத்தளச் சேவையை) ஆஃப்லைனுக்குக் கொண்டுபோய், சேவையை ஒற்றைப் பயனர் நிலையில் எழுப்பினால், சிஸ்அட்மினாக நுழைந்து தனக்கென ஒரு கணக்கைச் சேர்த்துக்கொள்ள முடியும். கடவுச்சொல்லைத் தொலைத்தவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் திறந்துவைத்த வழி அது. சேவை நிற்பதால் இங்கே சத்தம் கேட்கும் என்பது ஓர் ஆறுதல். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்த சர்வர் என்றால், அந்த நிர்வாகிகள் குழு இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீக்கும் முன், அவெய்லபிலிட்டி குரூப் (தரவுத்தளத்தின் நகல்களைப் பல நோடுகளில் வைக்கும் வசதி) வைத்திருப்பவர்கள் விண்டோஸின் சிஸ்டம் கணக்குக்கு நலச் சோதனைக்கு வேண்டிய குறைந்தபட்ச உரிமைகளைத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நலமாக இருக்கும் நோடையே கிளஸ்டர் நோயாளி என்று எண்ணிக்கொள்ளும். 2016 பதிப்பிலிருந்து கிடைக்கும் ஆல்வேஸ் என்கிரிப்டட் வசதியில் சாவி செயலியின் பக்கமே இருப்பதால், மேலே நினைவகத்தைப் பற்றிச் சொன்ன கவலைக்கும் அந்த நெடுவரிசைகளைப் பொறுத்தவரை விடை கிடைக்கிறது. செயலி சர்வரையும் அதே நிர்வாகிதான் பார்த்துக்கொள்கிறார் என்றால் மட்டும், தயவுசெய்து முதல் கடிதத்தின் பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.